குழந்தையின் கையில் சில்லறை



ஐந்து வயதுக் குழந்தையின் முன்னால் ஒரு கையில் ஓர் ஐந்து ரூபாய் நாணயத்தையும், மற்றொரு கையில் மூன்று ஒற்றை ரூபாய் நாணயங்களையும் நீட்டி, "உனக்கு எது வேண்டும்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் குழந்தை மூன்று நாணயங்களைத்தான் எடுத்துக்கொள்ளும். பெரியவர்கள் நகைப்பார்கள், "இவனைக் கடைக்கு அனுப்பினால் வீடு தாங்காது" என்பார்கள். சற்றே சிந்தித்தால், குழந்தையின் கணக்கில் பிழை ஏதும் இல்லை என்பது விளங்கும். ஒன்று, இரண்டு, மூன்று என்று பொருள்களை எண்ணத்தான் நாம் அதற்குக் கற்றுக்கொடுத்திருக்கிறோம். புளியங்கொட்டையை எண்ணினாலும், சோழியை எண்ணினாலும், வலையில் விழுந்த மீனை எண்ணினாலும் ஒரு பொருளுக்கு ஓர் எண். அந்த விதியையே குழந்தை நாணயத்துக்கும் பொருத்திற்று. ஒரே ஒரு வட்டத் தகடு தன்னுள்ளே ஐந்தை அடக்கிக்கொண்டிருக்கிறது என்பதை அது எங்ஙனம் அறியும்? சொன்னால்தான் எப்படி நம்பும்?

பணம் எண்ணக் கற்பிப்பதில் உள்ள இடர்ப்பாடு பெரும்பாலும் இந்த ஓரிடத்தில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. ராயபுரத்திலும் திருவொற்றியூரிலுமாக முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடக்கப் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் என்ற முறையில் இதைச் சொல்லுகிறேன். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலும், சென்னைத் துறைமுகத்திலும், எண்ணூர் வரையில் நீண்டு கிடக்கும் ஆலைகளிலும் உழைப்பவர்களின் பிள்ளைகளே என் மாணவர்கள். கூட்டலும் கழித்தலும் அவர்களுக்குக் கடினமாக இருந்ததில்லை. ஒரு நாணயம் பல நாணயங்களுக்கு ஈடாகும் என்பது மனத்தில் பதியும் வரையில்தான் திண்டாட்டம்.

நாணயத்தின் உருவமும் குழந்தைக்கு உதவி செய்வதில்லை. 2011ஆம் ஆண்டு வரிசையில் வந்த இரண்டு ரூபாய் நாணயத்தின் குறுக்களவு 25 மில்லிமீட்டர். அதே வரிசையில் வந்த ஐந்து ரூபாய்க்கோ 23 மில்லிமீட்டர்தான். பெரியது சிறியதைவிட மதிப்புக் குறைந்தது என்று சொன்னால் எந்தக் குழந்தைதான் ஒப்பும்? 2019ஆம் ஆண்டில், பார்வையற்றோர் தடவிப் பார்த்தே இனம் காணும்படி ஒரு புதிய வரிசை வெளிவந்தது. அதிலே ஒரு ரூபாய் 20 மில்லிமீட்டர், இரண்டு ரூபாய் 23, ஐந்து ரூபாய் 25, பத்து ரூபாய் 27 என்று படிப்படியாக அளவு ஏறுகிறது. இருபது ரூபாய்க்குப் பன்னிரண்டு பக்கங்கள். பார்வையற்றவருக்காகச் செய்த ஏற்பாடு பள்ளிப் பிள்ளைக்கும் பயன்படுகிறது. ஆனால் பழையதும் புதியதும் ஒரே சுருக்குப்பையில் கலந்தே கிடக்கின்றன. பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கடைக்காரர்கள் பலர் அதை வாங்க மறுத்ததும், வழக்கிலுள்ள 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 ஜனவரியில் ரிசர்வ் வங்கியே அறிவிக்க நேர்ந்ததும் நேயர்களுக்கு நினைவிருக்கலாம். பெரியவர்களுக்கே ஐயம் என்றால் சிறுவன் என்ன செய்வான்!

பெரியவர்கள் எல்லாரும் குழந்தைகளாகிப் பணம் எண்ணக் கற்றுக்கொண்ட காலமும் நம் நாட்டில் ஒன்று உண்டு. 1957ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு 100 நயா பைசா என்ற முறை நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ரூபாய்க்குப் பதினாறு அணா. அணாவுக்கு நான்கு காலணா, அல்லது பன்னிரண்டு தம்பிடி. ஆகவே ரூபாய்க்கு 192 தம்பிடி. இன்றைய மாணவனுக்கு இது தலைசுற்றலாகத் தோன்றும். ஆனால் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் எண்சுவடி படித்தவனுக்கு அது இயற்கையாகவே அமைந்திருந்தது. கால், அரைக்கால், மாகாணி என்று அவன் வாய்ப்பாடு ஒப்பித்திருக்கிறான். மாகாணி என்றால் பதினாறில் ஒரு பங்கு. ரூபாயில் மாகாணி ஓரணா, அரைக்கால் இரண்டணா, கால் நாலணா. பதினாறை நான்கு முறை பாதியாக்கலாம், பின்னமே வராது. நூறை இரண்டு முறை பாதியாக்கினால் இருபத்தைந்தில் வந்து நின்றுவிடும். மாறாக, பத்துப் பத்தாக ஏறும் எண் முறையோடு நூறு பைசா ஒத்துப்போகிறது. கரும்பலகையில் எழுதிக் கூட்டுவது எளிதாகிவிட்டது. ஒன்றை இழந்து ஒன்றைப் பெற்றோம். இழந்ததைவிடப் பெற்றதே பெரிது என்றுதான் நான் நினைக்கிறேன்.

மாறிய காலத்தில் நடந்த வேடிக்கை ஒன்று உண்டு. பழைய நாணயமும் புதிய நாணயமும் சில ஆண்டுகள் சேர்ந்தே புழங்கின. ஓரணாவுக்குச் சரியாக ஆறேகால் நயா பைசா. காலுக்கு நாணயம் ஏது? ஆகவே அரசாங்கம் ஓர் அட்டவணை வெளியிட்டது. ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. இப்போது கணக்கிட்டுப் பாருங்கள். ஓரணாப் பண்டத்தை நான்கு முறை தனித்தனியாக வாங்கியவன் கொடுத்தது 24 நயா பைசா. நான்கையும் ஒருசேர வாங்கியவன் கொடுத்தது 25. எங்கள் தெருப் பிள்ளைகள் இதைக் கண்டுகொண்டு, ஒரே கடைக்கு நான்கு நடை நடந்தார்கள் என்று என் தாயார் சொல்லக் கேட்டிருக்கிறேன். அவர்களுக்கு எந்த ஆசிரியரும் இதைக் கற்பித்திருக்க மாட்டார். ஒரு நயா பைசா ஆதாயம் இருக்கிறது என்றவுடன் கணக்குத் தானே வந்துவிட்டது!

நாலணாவும் எட்டணாவும் 25, 50 என்று பின்னமின்றிப் பொருந்தியதால், அணா போன பின்னரும் அப்பெயர்கள் நம் நாவை விட்டுப் போகவில்லை. 1964 ஜூனில் 'நயா' என்ற அடைமொழி நீங்கிற்று. 2011 ஜூன் 30ஆம் நாளோடு இருபத்தைந்து பைசாவும் அதற்குக் குறைந்த நாணயங்களும் செல்லாதவை ஆயின. அதன் பின் பிறந்த குழந்தைக்கு நாலணா என்பது வெறும் சொல்.

சரி, எப்படிக் கற்பிப்பது? புத்தகத்தில் வட்டம் வரைந்து உள்ளே 5 என்று எழுதிக் காட்டுவது போதாது. மெய்யான நாணயம் வேண்டும். வகுப்பில் நான் 'மாற்றுக் கடை' என்று ஒன்று வைப்பது வழக்கம். அங்கே விற்பனை இல்லை; மாற்றுவது மட்டுமே. ஐந்து ஒற்றை ரூபாயைக் கொடுத்தால் ஓர் ஐந்து ரூபாய் நாணயம் கிடைக்கும். அதைத் திருப்பிக் கொடுத்தால் மறுபடி ஐந்து ஒற்றை ரூபாய். இதில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். கொடுத்ததைத் திரும்பப் பெறலாம் என்பதுதான் இருக்கிறது. ஒன்றைக் கொடுத்து ஐந்தைத் தான் திரும்பப் பெற்ற பிறகுதான், அந்த ஒன்றுக்குள் ஐந்து இருக்கிறது என்பதைக் குழந்தை நம்புகிறது. சில பிள்ளைகளுக்கு இரண்டு நாள் போதும். சிலருக்கு மூன்று வாரம் ஆகும். அவசரப்படலாகாது. ஒரு சிறுவன் நாணயத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுக்குள்ளே அஞ்சும் ஒளிஞ்சிருக்குதா டீச்சர்?" என்று கேட்டான். இதைவிட நன்றாக நான் விளக்கியிருக்க முடியாது.

அடுத்த படி, கலந்து கிடக்கும் நாணயங்களை எண்ணுவது. பெரியதில் தொடங்கிச் சிறியதை நோக்கி வர வேண்டும். இரண்டு பத்து, இரண்டு ஐந்து, மூன்று ஒன்று இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பத்து, இருபது என்று எண்ணும் குழந்தை, ஐந்து ரூபாயைத் தொட்டவுடன் முப்பது என்று சொல்லிவிடும். வாய் ஒரு தாளத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை நிறுத்தி வேறொரு தாளத்துக்கு மாற்ற வேண்டும். அந்த மாறுமிடத்தில் ஒரு கணம் கையைத் தூக்கிக்கொள்ளச் சொல்லுவேன். பத்து, இருபது, கையைத் தூக்கு, இருபத்தைந்து, முப்பது, கையைத் தூக்கு, முப்பத்தொன்று, முப்பத்திரண்டு, முப்பத்துமூன்று. சிறிய உபாயம்தான், ஆனால் பலிக்கிறது.

தமிழ்க் குழந்தைக்கென்றே ஒரு தொல்லையும் உண்டு. அறுபது, எழுபது, எண்பது என்று வந்த வரிசையில் அடுத்தது என்ன? தொண்ணூறு! அதிலே நூறு என்ற ஓசை கேட்கிறது. எழுநூறு, எண்ணூறு என்று வந்து, அடுத்தது தொள்ளாயிரம் என்கிறோம். அதிலே ஆயிரம் கேட்கிறது. தொண்ணூறு ரூபாய் நூறு ரூபாயைவிடப் பெரிது என்று சாதித்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். அவர்களைக் கடிந்துகொள்வதற்கில்லை, நம் மொழி அப்படி அமைந்திருக்கிறது. ஒன்பது பத்து ரூபாய்த் தாள்களை வரிசையாக வைத்து, பத்தாவது இடத்தை வெறுமையாக விட்டுக் காட்டினால் தெளிந்துவிடுகிறார்கள். தொள்ளாயிரத்தைப் பற்றிப் பின்னால் ஒரு செய்தி சொல்ல வேண்டும்.

மூன்றாவது படி, மீதி வாங்குவது. பள்ளிக்கூடமும் கடைத்தெருவும் பிரிகிற இடம் இதுதான். இருபது ரூபாய் கொடுத்துப் பதின்மூன்று ரூபாய்க்குப் பண்டம் வாங்கினால் மீதி எவ்வளவு? பள்ளியில் நாம் இருபதின் கீழே பதின்மூன்றை எழுதிக் கோடு போட்டு, சுழியிலிருந்து மூன்று போகாது, பக்கத்தில் கடன் வாங்கு என்று சொல்லுகிறோம். கடைக்காரர் கடன் வாங்குவதே இல்லை. "பதின்மூன்று" என்று சொல்லி இரண்டு ரூபாயை வைக்கிறார். "பதினைந்து" என்று சொல்லி ஐந்து ரூபாயை வைக்கிறார். "இருபது" என்று முடித்துவிடுகிறார். அவர் கழிக்கவே இல்லை, கூட்டிக்கொண்டே போனார். மீதி தானே வந்து மேசைமேல் உட்கார்ந்தது. சிறுவர்களுக்கு முதலில் இம்முறையையே காட்ட வேண்டும் என்பேன். சில்லறை இல்லை என்று சொல்லி இரண்டு மிட்டாயைக் கையில் வைத்து அனுப்பும் கடைக்காரர்களும் உண்டு. குழந்தை மகிழ்ச்சியோடு வீடு திரும்புகிறது. அன்றையப் பாடம் மட்டும் கெட்டுவிடுகிறது. நாணயம் என்ற சொல்லுக்குக் காசு, நேர்மை என்று இரு பொருள் வைத்த நம் முன்னோர் மிட்டாயைப் பற்றி நினைத்திருக்க மாட்டார்கள்.

கடைத்தெருக் கணக்கும் பள்ளிக் கணக்கும் எவ்வளவு தொலைவில் இருக்கின்றன என்பதை ஆராய்ந்தவர்கள் உண்டு. பிரேசில் நாட்டு ரெசிஃபே நகரில் தெருவில் வியாபாரம் செய்த ஐந்து சிறுவர் சிறுமியரின் கணக்குத் திறனைப் பற்றிய ஆராய்ச்சி 1985இல் வெளிவந்தது. டெரெசின்யா கராஹரும் அவருடைய தோழர்களும் வாடிக்கையாளரைப் போல வாங்கிக்கொண்டே கணக்குக் கேட்டபோது நூற்றுக்கு 98 விடைகள் சரியாக இருந்தன. அதே வகைக் கணக்கைத் தாளில் எழுதிக் கொடுத்தபோது நூற்றுக்கு 37தான் சரி. தேங்காய் விற்ற பன்னிரண்டு வயதுச் சிறுவனிடம் ஒரு காய் 35 வீதம் பத்துக் காய்க்கு விலை கேட்டார்கள். மூன்று காய்க்கு 105, மேலும் மூன்றுக்கு 210, பின்னும் மூன்றுக்கு 315 என்று ஏறி, 350இல் வந்து சேர்ந்தான். பக்கத்தில் ஒரு சுழி போட்டால் விடை வந்துவிடும் என்பது அவனுக்குத் தேவைப்படவில்லை.

நம் நாட்டிலும் இத்தகைய ஆராய்ச்சி நடந்திருக்கிறது. அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ, எலிசபெத் ஸ்பெல்கி முதலியோர் கொல்கத்தாவிலும் தில்லியிலும் சந்தையில் வேலை செய்யும் பிள்ளைகளையும், பள்ளிக்கு மட்டும் செல்லும் பிள்ளைகளையும் சோதித்து, 2025 பிப்ரவரியில் 'நேச்சர்' இதழில் முடிவுகளை வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள். பாடப்புத்தகத்தின் எளிய கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகள் எழுதிய கணக்கில் அவர்களை விஞ்சினார்கள். சந்தைக் கணக்கில் தோற்றார்கள். எனக்கு இதில் வியப்பில்லை. ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டில் தாயின் கூடையருகே அமர்ந்து நெத்திலியைக் கூறு கட்டி விற்கும் சிறுமி, திங்கட்கிழமை என் வகுப்பில் அதே கூட்டலை எழுதத் தெரியாமல் விழிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அவளுக்குக் கணக்கு வராது என்று குறிப்பேட்டில் எழுதிவிடுவது எளிது. அது பெரும் அநியாயம். அவள் அறிந்த கணக்குக்கும் நாம் கேட்ட கணக்குக்கும் நடுவே பாலம் போடுவது ஆசிரியர் வேலை. மேசைமேல் நாலு நாணயத்தை வைத்தால் பாதிப் பாலம் அமைந்துவிடும். 2022ஆம் ஆண்டு நம் மாநிலத்தில் தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், முதல் மூன்று வகுப்புகளில் கையால் செய்து கற்பதற்கு இடம் கொடுத்தது நல்ல செய்தி.

ஆனால் வேறொரு மாறுதல் ஓசையின்றி நடந்துகொண்டிருக்கிறது. பணம் கைமாறுவதைக் குழந்தை காணும் வாய்ப்பே அருகிவருகிறது. ஆலைத் தொழிலாளி சம்பள உறையைக் கொண்டுவந்து, வீட்டார் சூழ்ந்திருக்க எண்ணிப் பங்கிட்ட நாள் போயிற்று. சம்பளம் வங்கிக்குச் செல்லுகிறது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிருக்குக் கட்டணம் இல்லை. தாயோடு செல்லும் சிறுமி, நடத்துநர் சில்லறை எண்ணிக் கொடுப்பதை அங்கே பார்ப்பதில்லை. மீன்கூடையின் ஓரத்தில்கூடக் கறுப்பு வெள்ளைக் கட்டம் அச்சிட்ட அட்டை ஒன்று நிற்கிறது; கைப்பேசியைக் காட்டினால் ஒரு சிறு பெட்டி குரல் கொடுக்கிறது. இவை அனைத்தும் மக்களுக்கு நன்மையே. எங்கள் பகுதிப் பெண்களுக்குப் பேருந்துச் சலுகை எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் அறிவேன். எனினும் முன்பு வீட்டிலும் தெருவிலும் தானே நடந்துவந்த பாடத்தை இனி எவரேனும் முயன்று நடத்தியாக வேண்டும்.

ஏன் நடத்த வேண்டும், கைப்பேசி கணக்கிட்டுவிடாதா என்று கேட்பவர்களுக்காகத் தொள்ளாயிரத்தின் கதையைச் சொல்லுகிறேன். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கரையில் நிற்கும்; பல வீடுகளில் வருமானம் நிற்கும். அப்போது தண்டல்காரர்கள் வருவார்கள். ஆயிரம் ரூபாய் என்று பேச்சு. முன்னதாகவே நூறைப் பிடித்துக்கொண்டு தொள்ளாயிரம் கையில் தருவார்கள். நாளைக்கு நூறாகப் பத்து நாள் கட்ட வேண்டும். மூன்றாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி தன் ஆயாவின் தண்டல் அட்டையில் தினமும் கோடு போடுபவள். தொள்ளாயிரமும் ஆயிரமும் அவள் காதுக்கு ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. வகுப்பில் காகிதத்தால் செய்த நூறு ரூபாய்த் தாள்களை வைத்து எண்ணிக்கொண்டிருந்தோம். அவள் தானாகவே ஒரு வரிசையில் ஒன்பதும், கீழ் வரிசையில் பத்துமாக அடுக்கினாள். வெகுநேரம் பார்த்தாள். "டீச்சர், ஆயா வாங்குனது மேலே இருக்குது, கட்டுறது கீழே இருக்குது. இந்த ஒண்ணு யாருது?" என்றாள்.

பத்து நாளுக்கு நூறு ரூபாய் வட்டி. அதுவும் முதல் நாளிலிருந்தே கடன் குறைந்துகொண்டு வரும்போது. இத்தகைய வட்டியைத் தடுக்க 2003ஆம் ஆண்டு தமிழகத்தில் சட்டம் இயற்றப்பட்டது. தண்டல் என்ற சொல்லே அச்சட்டத்தில் இருக்கிறது. மறுநாள் அந்த அம்மையார் பள்ளி வாயிலுக்கு வந்திருந்தார்கள். பேத்தி வீட்டிலும் தாள்களை அடுக்கிக் காட்டியிருக்கிறாள். "எனக்குத் தெரியாதா டீச்சர்? தடைக்காலத்துல வேற யாரு குடுப்பாங்க?" என்றார்கள். அதற்கு என்னிடம் விடை இல்லை. சற்று நின்று, "ஆனா இந்தப் பொண்ணு கேட்டுச்சு பாருங்க, அது நல்லாத்தான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். ஏழு எட்டு வயதுப் பிள்ளையை அருகிலுள்ள அம்மா உணவகத்துக்கு ஒருநாள் உங்களோடு அழைத்துச் செல்லுங்கள். 2013ஆம் ஆண்டில் சென்னையில் இவை தொடங்கின; இட்லி ஒரு ரூபாய், தயிர் சாதம் மூன்று ரூபாய், பொங்கலும் சாம்பார் சாதமும் ஐந்து ரூபாய் என்று விலை வைத்தார்கள். முதல் வகுப்புக் கணக்குப் புத்தகம் எழுதியவர் வைத்ததுபோன்ற விலைகள்! பத்து ரூபாயைப் பிள்ளையின் கையில் கொடுத்து, இரண்டு இட்லியும் ஒரு பொங்கலும் வாங்கச் சொல்லுங்கள். மீதி மூன்று ரூபாயை அதுவே எண்ணி வாங்கட்டும். நீங்கள் பின்னால் நின்றுகொள்ளுங்கள். முந்திக்கொண்டு விடையைச் சொல்லாதீர்கள். வரிசையில் நிற்பவர்கள் சற்று முணுமுணுப்பார்கள், பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் ஒரு டப்பாவில் முப்பது நாற்பது ரூபாய்ச் சில்லறை எப்போதும் இருக்கட்டும். வாரம் ஒருமுறை பிள்ளையே கொட்டி எண்ணி, தொகையை ஒரு தாளில் எழுதி உள்ளே போட்டு மூடட்டும். நடுவில் நீங்கள் எடுத்தால் எவ்வளவு எடுத்தீர்கள் என்று அதனிடம் சொல்லிவிட்டு எடுங்கள்.